பிழைத்த மாட்டின் கணக்கு

அன்புள்ள நிலா,

கோமாரி வந்து போன ஊரில் மாடு ஒன்றும் சாகவில்லை, பிறகு ஏன் எல்லோரும் கடன் கடன் என்று புலம்புகிறார்கள் என்று கேட்டிருந்தாய். நல்ல கேள்வி. கால்நடை நோய் பரவினால் செய்தித்தாளில் வருவது இறந்த மாடுகளின் எண்ணிக்கை. ஆனால் விவசாயியைக் கடனில் தள்ளுவது பெரும்பாலும் பிழைத்துக்கொண்ட மாடுதான். நீ பி.காம். படிக்கிறவள், கணக்கு போட்டுப் பார்த்தால் உனக்கே விளங்கும்.

கோமாரி கண்ட மாடு முதலில் தீவனத்தில் வாய் வைக்காது. எச்சில் நூல்நூலாக ஒழுகும். நாக்கிலும் ஈறிலும் கொப்புளம் கிளம்பி உடையும். குளம்பிடுக்கில் புண்ணாகி நொண்டும். காம்பிலும் கொப்புளம் வந்துவிட்டால் கறக்கக் கை வைத்ததுமே உதைக்கும். வீட்டுப் பெண்கள் சீரகம், வெந்தயம், மிளகை ஊறவைத்து, மஞ்சள், பூண்டு, வெல்லம், தேங்காய் சேர்த்து அரைத்து, விழுதை உள்ளங்கையில் எடுத்து நாக்கில் தடவுவார்கள். காலையும் மாலையும் குளம்பைக் கழுவி மருந்து போடுவார்கள். அந்த நாட்களில் வீட்டில் ஒருவர் கூலி வேலைக்குப் போக முடியாது. வளர்ந்த மாடுகளில் நூற்றுக்கு ஐந்துகூட இறப்பது அரிது. பால் குடிக்கும் கன்றுகளின் நிலைமை வேறு. வைரஸ் இதயத் தசையைத் தாக்குவதால், முதல் நாள் துள்ளிய கன்று மறுநாள் சுருண்டு விழும்.

இப்போது ஒரு நோட்டை எடு. நாளுக்கு 10 லிட்டர் கறக்கும் ஒரு கலப்பினப் பசு, லிட்டருக்கு 35 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள். நோயில் கிடக்கும் மூன்று வாரமும் கறவை 3 லிட்டராகக் குறைகிறது. நாளுக்கு 245 ரூபாய் வீதம் 21 நாளுக்கு 5,145 ரூபாய் போயிற்று. புண் ஆறிய பிறகு மாடு பழைய அளவுக்குத் திரும்பாமல் 7 லிட்டரிலேயே நின்றுவிட்டால், மீதமுள்ள கறவைக் காலம் 150 நாள் என்றாலும் இன்னொரு 15,750 ரூபாய். அடுத்து சினை. பசு 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். நோயில் உடம்பு குலைந்து மூன்று பருவம் தவறினால் 63 நாள் வெறும் தீவனச் செலவு. நாளுக்கு 150 ரூபாய் போட்டால் 9,450. மூன்றையும் கூட்டினால் 30,345 ரூபாய். ஊசி, மருந்து, விட்டுப்போன கூலி எதையும் இதில் சேர்க்கவில்லை. மாடு உயிரோடுதான் இருக்கிறது.

சில மாடுகளுக்கு இன்னொரு கெடுதல் உண்டு. கோமாரியிலிருந்து மீண்ட பின்னும் மேல்முடி நீண்டு, சிறு வெயிலுக்கே மூச்சிரைக்கும். சந்தைக்குப் போனால் தரகர் ஒரே பார்வையில் கண்டுபிடித்து விலையை இறக்கிவிடுவார்.

காப்பீடு இருக்கிறதே என்பாய். மாட்டுக் காப்பீட்டில் பெரும்பாலும் மாடு இறந்தால்தான் பணம், அதுவும் காதில் மாட்டிய அடையாள வில்லை விழாமல் இருக்க வேண்டும். கறவை 10 லிட்டரிலிருந்து 7-க்கு இறங்கியதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது. பால் பட்டுவாடாவில் கடன் தவணை மட்டும் மாதந்தோறும் தவறாமல் பிடித்தமாகும்.

கோமாரியில் மட்டுமல்ல, 2022-ல் வடமேற்கு இந்தியாவில் வேறொரு நோய் பரவியபோது நடந்ததையும் பார். உடம்பெங்கும் கட்டி கட்டியாக எழும்பும் தோல் கழலை நோய், ஆப்பிரிக்காவின் சாம்பியாவில் 1929-ல் முதன்முதலாக அறியப்பட்டது. இந்தியாவில் 2019-ல் ஒடிசாவில் தலைகாட்டியது. கொசுவும் ஈயும் உண்ணியும் சுமந்து செல்ல, 2022-ல் குஜராத்திலும் ராஜஸ்தானிலும் காட்டுத்தீயாகப் பரவியது. அந்த ஆண்டு நாட்டில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகள் இறந்தன. ராஜஸ்தானில்தான் சாவு மிக அதிகம். கையில் இருந்த ஆட்டம்மைத் தடுப்பூசியையே மாடுகளுக்குப் போட்டுச் சமாளித்தார்கள். ஹிசாரிலும் இசத்நகரிலும் உள்ள மத்திய ஆய்வு நிறுவனங்கள் உருவாக்கிய புதிய தடுப்பூசி அந்த ஆகஸ்டில்தான் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு ராஜஸ்தானின் புஷ்கர் திருவிழா கால்நடைச் சந்தை இல்லாமலே நடந்தது. நோயே அண்டாத மாட்டை வைத்திருந்தவருக்கும் விற்க இடமில்லை. மறுவருடம் ராஜஸ்தான் அரசு, கறவை மாட்டைப் பறிகொடுத்தவர்களுக்கு மாட்டுக்கு 40,000 ரூபாய் வீதம் கொடுத்தது. நல்ல காரியம்தான். ஆனால் நோய் கண்ட மாடுகள் இறந்தவற்றைப் போலப் பல மடங்கு. கன்று கலைந்த மாடு, பால் வற்றிய மாடு, தோலெல்லாம் வடுவாகிப் பிழைத்த மாடு, இவற்றின் சொந்தக்காரர்கள் அந்தக் கணக்குக்குள் வரவில்லை.

பணக்கார நாட்டிலும் இதே கதைதான். பிரிட்டனில் 2001-ல் கோமாரி பரவியபோது 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுமாடுகளையும் பன்றிகளையும் கொன்றார்கள், மொத்த இழப்பு சுமார் 800 கோடி பவுண்டு. கொல்லப்பட்டவற்றுக்கு அரசு பணம் கொடுத்தது. கொல்லப்படாமல், நடமாட்டத் தடையால் மாதக்கணக்கில் விற்க முடியாமல் கிடந்தவற்றை வைத்துத் தீவனம் போட்டவர்களுக்கு அந்த இழப்பீடு இல்லை.

கோமாரிக்குத் தடுப்பூசி இல்லாமல் இல்லை. கோமாரியையும் புரூசெல்லா நோயையும் கட்டுப்படுத்த 2019-ல் தொடங்கிய தேசியத் திட்டத்துக்கு மத்திய அரசு 13,343 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீட்டு வாசலிலேயே இலவசமாக ஊசி போடுகிறார்கள். இருந்தும் சிலர் மாட்டை வயலுக்கு ஓட்டிப்போய் மறைக்கிறார்கள். ஊசி போட்டால் ஓரிரு நாள் பால் குறையும், சினை கலைந்துவிடுமோ என்ற பயமும் உண்டு. படித்தவர்கள் இதை அறியாமை என்று தள்ளிவிடுவது எனக்கு உடன்பாடில்லை. அன்றன்று வரும் பால் காசில் அடுப்பெரியும் வீட்டில் இரண்டு நாள் பாலும் பெரிய தொகை. நோய் கண்ட மாட்டைப் புண் தெரியும் முன் விற்றுவிடத் துடிப்பதும் இதனால்தான். அப்படி விற்கும் மாடு அடுத்த ஊருக்கு நோயைக் கொண்டு போகிறது என்பதும் உண்மை. ஊசி போட்ட வீட்டுக்கு அந்த இரண்டு நாள் பால் பணத்தைக் கொடுத்துவிட்டால் எத்தனையோ மாடுகள் வயலில் ஒளிய வேண்டியிருக்காது. நோய்க்காலப் பால் இழப்பையும் காப்பீட்டுக்குள் கொண்டுவர வேண்டும். அது கடினம் என்பவர்கள், பால் சொசைட்டியில் ஒவ்வொரு வேளைக்கும் லிட்டர் கணக்கு எழுதப்படுவதை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்த விடுமுறைக்கு மாமா வீட்டுக்குப் போகும்போது, சொசைட்டியில் அந்த லிட்டர் கணக்கை எழுதித் தரும் பால் அட்டையை வாங்கிப் பார். நோய் வருவதற்கு முந்தைய மாதப் பட்டுவாடாவை ஒரு பத்தியிலும், வந்த பிறகு ஆறு மாதத்துக்கு உள்ளதை அடுத்த பத்தியிலும் எழுது. சினை ஊசி போட்ட தேதிகள் அத்தைக்கு மனப்பாடமாகத் தெரியும், கேட்டுக் குறித்துக்கொள். மருந்துக்கடைச் சீட்டுகளும் விட்டத்தில் எங்காவது செருகியிருக்கும். எழுதி முடித்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்பு.

அன்புடன்,
பெரியப்பா