இரு நகரங்களுக்கு இடையே ஓர் ஊர்

பொதிகை மலையிலே பிறந்து, பாபநாசத்தில் சமவெளிக்கு இறங்கி, நெற்கழனிகளை வளப்படுத்திக்கொண்டு வரும் தாமிரபருணி ஆறு, கடலை அடைவதற்கு முன் கடைசியாக ஓர் அணைக்கட்டில் தேங்கிச் செல்கின்றது. அவ்வணையின் அருகே வடகரையில் அமைந்த ஊர் ஸ்ரீவைகுண்டம். ஊருக்கு வடமேற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் திருநெல்வேலி மாநகரும், அதனோடு ஒட்டிய பாளையங்கோட்டையும் இருக்கின்றன. வடகிழக்கே, அதனினும் சற்றே கூடிய தொலைவில், தூத்துக்குடித் துறைமுகம் இருக்கின்றது. இவ்வாறு இரு மாநகர்களுக்கு இடையே நிற்கும் ஊரில் வாழ்வோர் அடையும் நலன்கள் யாவை, அந்நலன்களுக்கு அவர்கள் கொடுக்கும் விலை யாது என்பதை ஈண்டுக் காண்போம்.

ஸ்ரீவைகுண்டத்தைச் சிற்றூர் என்று சொல்லிவிடவும் இயலாது. நவதிருப்பதிகளுள் முதலாவதாக எண்ணப்படும் கள்ளபிரான் கோயில் இங்கே உள்ளது. நவகைலாயங்களுள் ஒன்றான கைலாசநாதர் கோயிலும் உள்ளது. வட்டாட்சியர் அலுவலகம், நீதிமன்றம், மருத்துவமனை, பள்ளி, கல்லூரி ஆகிய எல்லாம் அமைந்த வட்டத் தலைநகர் இது. சுற்றுப்புறத்து மக்கள் பத்திரம் பதியவும், வழக்கு நடத்தவும், பொருள் வாங்கவும் இங்கே வருவர். ஆயினும் மாநகரத்தார் கண்ணுக்கு இஃது ஒரு கிராமம். கிராமத்தார் கண்ணுக்கோ இஃது ஒரு பட்டணம்.

இவ்வூரார் பெறும் நலன்களுள் தலையாயது, வீட்டைப் பிரியாமலே நகரத்தின் பயனைப் பெறலாம் என்பதே. திருநெல்வேலிக்கும் திருச்செந்தூருக்கும் இடையே 1923-ஆம் ஆண்டில் இருப்புப்பாதை திறக்கப்பெற்றது. பாளையங்கோட்டையில் தூய சவேரியார் கல்லூரி தோன்றியதும் அதே ஆண்டில்தான். தூய யோவான் கல்லூரி அதற்கு முன்னரே அங்கு இருந்தது. மாட்டுவண்டியில் ஒரு பகற்பொழுதைக் கொண்ட வழி, இரயில் வந்தபின் சிறு பயணமாயிற்று. பின்னர்ப் பேருந்துகளும் பெருகின. காலையில் வீட்டிலே உண்டு, நண்பகல் உணவைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு புறப்படும் மாணவன், பாளையங்கோட்டையில் பாடம் கேட்டு, விளக்கேற்றும் வேளைக்குள் வீடு திரும்பலாம். மகளை விடுதிக்கு அனுப்ப மனமும் பொருளும் இல்லாத பெற்றோரும், நாள்தோறும் போய்வரும் படிப்புக்கு இசைவர். இப்பகுதியில் பெண்மக்கள் பலர் பட்டம் பெறுவதற்கு அந்த 30 கிலோமீட்டரின் குறுமையே துணையாயிற்று என்று சொன்னால் அது மிகையாகாது.

இங்கே ஒரு சிறு செய்தியையும் சொல்லிவிட வேண்டும். ஸ்ரீவைகுண்டம் இரயில் நிலையம் ஊரில் இல்லை. ஆற்றின் தென்கரையில், புதுக்குடியில் இருக்கின்றது. ஊரார் பாலம் கடந்து சென்றே வண்டி ஏற வேண்டும். இதனை நினைவில் வைத்துக்கொள்க, பின்னர்ப் பயன்படும்.

வீட்டு வாடகை குறைவு, நிலத்தின் விலை குறைவு, காய்கறியும் வாழைப்பழமும் விளைந்த இடத்திலேயே கிடைக்கும் என்பன எல்லாச் சிற்றூர்க்கும் பொதுவான நன்மைகள். அவற்றை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆனால் ஒன்று கருதத்தக்கது. இங்கிலாந்து நாட்டிலே எபினேசர் ஹோவார்டு என்பார், நகரத்தின் வாய்ப்பும் நாட்டுப்புறத்தின் காற்றும் ஒருங்கே அமைந்த ஊர்களைப் புதிதாக உண்டாக்க வேண்டும் என்று 1898-ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதினார். நடுவே ஊர், சுற்றிலும் கழனி, மக்கள்தொகை 32,000-க்கு மேற்படலாகாது என்பது அவர் வகுத்த திட்டம். அத்திட்டத்தின்படி 1903-இல் இலண்டனுக்கு வடக்கே லெச்சுவொர்த்து என்னும் ஊரை எழுப்பினர். அவர்கள் பெரும்பொருள் செலவிட்டு ஆக்கிக்கொண்ட அமைப்பு, ஸ்ரீவைகுண்டத்திற்கு ஆறு தந்த கொடையாக வாய்த்திருக்கின்றது. தெருமுனையைக் கடந்தால் வயல். வயலைக் கடந்தால் வாழைத்தோட்டம். வேறுபாடு ஒன்றே. ஹோவார்டு தம் ஊரில் தொழிலும் இருக்க வேண்டும் என்றார். அது வாய்க்காத ஊர், இரவிலே உறங்குவதற்கு மட்டும் உரிய ஊராகிவிடும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

இனி, கொடுக்கும் விலையைப் பார்ப்போம். அருகே மாநகர் இருத்தலால் ஊரிலுள்ள பொருள் அங்கே செல்கின்றது. திருமணத்திற்குப் பட்டு எடுப்போர் திருநெல்வேலிக்குப் போகின்றனர். நகை வாங்குவோரும் அங்கேயே போகின்றனர். உள்ளூர்க் கடைக்காரருக்கு எஞ்சுவது உப்பும் புளியும். படித்த இளைஞர் முதலில் போய்வருகின்றனர், பின்னர்ப் போகின்றனர், வருவதில்லை. இது புதிய வழக்கமும் அன்று. பதினேழாம் நூற்றாண்டில் இவ்வூரில் பிறந்த குமரகுருபர அடிகள், மதுரைக்கும் பின்னர்க் காசிக்கும் சென்று, காசியிலே மடம் நிறுவிப் புகழ்பெற்றார். ஆயினும் அவர் பெயரால் இன்று இவ்வூரில் பள்ளியும் கல்லூரியும் நடைபெறுகின்றன. சென்றவரின் புகழ் ஊருக்குப் பயன்பட்டது. எல்லார் திறத்திலும் அவ்வாறு நிகழ்வதில்லை.

மனிதர் மட்டுமா செல்கின்றனர்? ஆற்றின் தென்கரையில் உள்ள ஆதிச்சநல்லூரின் செய்தியைக் கேளுங்கள். ஜெர்மானியரான ஜாகோர் என்பார் 1876-இல் அங்கே தோண்டியெடுத்த பொருள்கள் பெர்லின் நகருக்குச் சென்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலெக்சாந்தர் ரீ என்பார் அகழ்ந்தெடுத்த தாழிகளும், வெண்கலப் பாத்திரங்களும், இரும்புக் கருவிகளும் சென்னை அருங்காட்சியகத்தை அடைந்தன. தம் முன்னோரின் தாழியைக் காண விரும்பிய சிறுவன் சென்னைக்குச் செல்ல வேண்டியிருந்தது. 2023-ஆம் ஆண்டில்தான், அகழ்ந்த குழியை அவ்விடத்திலேயே கண்ணாடித் தளத்தின் வழியாகக் காணும் ஏற்பாடு செய்யப்பெற்றது.

எல்லாவற்றினும் அரியது தண்ணீர். தாமிரபருணியின் எட்டு அணைக்கட்டுகளுள் ஸ்ரீவைகுண்டம் அணையே கடைசி. ஏனைய ஏழும் பழங்காலத்தவை. இஃது ஒன்றே ஆங்கிலேயர் ஆட்சியில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கட்டப்பெற்றது. இதிலிருந்து வடகால், தென்கால் என இரு கால்வாய்கள் பிரிந்து, குளங்களை நிரப்பி, 25,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்திற்குப் பாய்கின்றன. கடைமடையில் இருப்பதால், மேலே மிஞ்சியதே இங்கு வரும். தூத்துக்குடியில் பெருந்தொழிற்சாலைகள் எழுந்தபோது, அவற்றுக்கு வேண்டிய நீரை இவ்வணையிலிருந்து குழாய் வழியே கொண்டுசெல்லும் திட்டம் வகுக்கப்பெற்றது. நாளொன்றுக்கு 20 மில்லியன் காலன் என்பது அதன் அளவு. கார்ப் பருவத்தில் நாற்றுக்கு நீரின்றி உழவர் தவித்தபோது, குழாயில் மட்டும் நீர் ஓடுவதா என்னும் கேள்வி எழுந்தது. வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. தொழிற்சாலை வேண்டாம் என்று உழவர் சொல்லவில்லை. அவர்கள் பிள்ளைகளுள் சிலர்க்கு அங்கே வேலையும் கிடைத்திருக்கலாம். முதல் உரிமை யாருக்கு என்பதே அவர்கள் கேட்டது. அணையின் உட்புறத்தில் ஆண்டுக்கணக்காகச் சேர்ந்த மணல் கொள்ளளவைக் குறைத்துவிட்டபடியால், இருக்கும் நீரைப் பங்கிடுவதும் கடினமாயிற்று.

ஆட்சியிலும் ஊருக்கு ஓர் இடமாற்றம் நேர்ந்தது. நெடுங்காலம் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த இவ்வட்டம், 1986-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் புதிதாக அமைந்த தூத்துக்குடி மாவட்டத்திற்கு மாறியது. ஆட்சியரிடம் மனுக் கொடுக்கக் கிழக்கே போக வேண்டும். கல்லூரிக்கும் கடைத்தெருவுக்கும் செல்லும் கால்களோ பழைய பழக்கப்படி மேற்கே போகின்றன. இரண்டு நகரங்கள் அருகில் இருந்தால் இரட்டை நன்மை என்று கருதுவோம். இரண்டும் தம்தம் எல்லையோடு நின்றுவிடுதலும் உண்டு.

நன்மையும் தீமையும் ஒருங்கே வெளிப்பட்ட நாள்கள் 2023 டிசம்பர் 17, 18. அந்நாள்களில் தென்மாவட்டங்களில் இதுவரை காணாத மழை பெய்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. குளங்கள் உடைந்தன, ஆறு கரைபுரண்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவு வண்டி, 17-ஆம் நாள் இரவு ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பெற்றது. அப்பால் தண்டவாளத்தின் அடியிலிருந்த மண்ணும் கல்லும் அரித்துச் செல்லப்பட்டிருந்தன. வண்டி சென்றிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று நினைக்கவே நெஞ்சம் நடுங்குகின்றது. வண்டியில் ஏறக்குறைய 800 பயணிகள் இருந்தனர். ஒரு பகுதியினர் அருகிலிருந்த பள்ளிக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அதற்குள் சாலையும் மூழ்கிவிட, ஏனையோர் நிலையத்திலேயே தங்கினர்.

முன்னர்ச் சொன்ன செய்தி இங்கே நினைவுக்கு வரும். நிலையம் ஆற்றுக்குத் தென்கரையில், ஊர் வடகரையில், நடுவே பெருவெள்ளம். வட்டத் தலைநகரிலிருந்து உதவி வரவும் வழி எளிதாக இல்லை. அந்நிலையில் பயணிகளுக்கு உணவு சமைத்துக் கொடுத்தவர்கள் புதுக்குடி மக்கள். தங்கள் வீடுகளைச் சுற்றிலும் நீர் நின்றபோதே, இருந்த அரிசியையும் பருப்பையும் திரட்டி அவர்கள் உலையேற்றினர். பின்னர் வானூர்திகள் உணவுப் பொதிகளை இறக்கின. 19-ஆம் நாளில் பயணிகள் மீட்கப்பட்டு, மணியாச்சியிலிருந்து தனி வண்டியில் சென்னைக்கு அனுப்பப்பெற்றனர். முகம் அறியாதவரையும் விருந்தினராகக் கொள்ளும் பண்பு சிற்றூர்களில் இன்னும் இருக்கின்றது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

ஆயினும், பயணிகள் சென்றபின் ஊரிலேயே இருந்தவர்களை நினைத்தல் வேண்டும். திருநெல்வேலியில் மருத்துவக் கல்லூரி இருக்கின்றது, தூத்துக்குடியிலும் இருக்கின்றது. ஆகவே நடுவிலுள்ள ஊருக்குச் சிறிய மருத்துவமனையே போதும் என்று கணக்கிடுதல் எளிது. சாலை இருக்கும் நாளில் அக்கணக்குப் பொருந்தும். அவ்விரு நாள்களில் பேறுகாலத்துத் தாய்க்கும், மூச்சுத் திணறிய முதியவர்க்கும், அந்த 30 கிலோமீட்டர் கடலுக்கு அப்பாலுள்ள தொலைவாயிற்று. வெள்ளத்திலும் போய்வரத்தக்க உயர்ந்த சாலை ஒன்று, எந்நேரமும் அறுவை மருத்துவர் இருக்கும் மருத்துவமனை ஒன்று, மணல் நீக்கிய அணை ஒன்று, இம்மூன்றும் அமைந்தால் மாநகருக்கு அருகே இருத்தலின் பயனை இவ்வூரார் ஆண்டின் எல்லா நாள்களிலும் பெறுவர். இப்போது மழைக்காலம் நீங்கலான நாள்களிலேயே பெறுகின்றனர்.