கலுங்கு மட்டத்துக்கு மேலே

கேள்வி:

எங்கள் சொந்த ஊர் திருச்சுழிக்குப் பக்கம். வேலை காரணமாகப் பதினான்கு வருடமாகத் தாம்பரத்தில் இருக்கிறோம். போன கோடையில் கொடைக்கானலில் ஒரு தனியார் இடத்தில் டென்ட் போட்டுத் தங்கினோம். அன்றிலிருந்து பிள்ளைகள் இரண்டு பேரும் (மகளுக்கு 12 வயது, மகனுக்கு 9) நம்ம ஊர்க் கண்மாய்க் கரையில் இப்படித் தங்கலாமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நான்கு பேர் படுக்கிற டென்ட் ஒன்றும் வாங்கிவிட்டேன். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது ஓர் இரவு மச்சினன் குடும்பத்தோடு தங்கலாம் என்று எண்ணம். அப்பா, "கண்மாய்க்குள்ள ராத்திரி எவனாவது படுப்பானா?" என்று சத்தம் போடுகிறார். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் எந்தக் கண்மாய் இதற்குத் தோதானது? எந்த இடத்தில் டென்ட் அடிக்கலாம்? பாம்பு பயம் எப்படி?

(ஒரு வாசகர், தாம்பரம்)

பதில்:

முதலில் உங்கள் அப்பா சொன்னதை எடுத்துக்கொள்வோம். அவர் சொன்ன ஒரு சொல்லைக் கவனித்தீர்களா? "கண்மாய்க் கரையில" என்று அவர் சொல்லவில்லை, "கண்மாய்க்குள்ள" என்றார். அவர் பயப்படுவது சரியான இடத்தைப் பார்த்துத்தான். வெளியூர்க்காரர்கள் கண்மாயை ஓர் ஏரி என்று நினைத்துக்கொண்டு, தண்ணீர் முடிகிற இடத்தில் பச்சைப் புல்லைப் பார்த்ததும் அங்கேயே சுமையை இறக்குவார்கள். அந்த இடம் கரை இல்லை, கண்மாயின் உள்வாய். அன்றைக்குத் தண்ணீர் அங்கே இல்லை, அவ்வளவுதான்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் ஓர் ஐப்பசி மாதம், திருச்சுழிக்கு மேற்கே ஒரு கண்மாயில் நண்பர்கள் மூன்று பேர் படுதாவைக் கட்டிப் படுத்தோம். பாதிக் கண்மாய் தண்ணீர், நல்ல நிலா, வானத்தில் பொட்டு மேகம் இல்லை. இரவு இரண்டு மணி வாக்கில் முதுகு குளிர்ந்து விழித்தேன். பாய்க்கு அடியில் தண்ணீர் நின்றது. மழை பெய்தது எங்களுக்கு மேல் அல்ல, மேற்கே எங்கோ. அது வரத்துக்கால் வழியாகச் சத்தமே இல்லாமல் வந்து சேர்ந்திருந்தது. வெள்ளம் என்றால் இரைச்சல் இருக்கும், ஓடிவிடலாம் என்று நினைப்போம். சரிவே இல்லாத உள்வாயில் தண்ணீர் ஓடிவராது, பரவும். ஒரு சாண் உயர்வதற்குள் நூறு அடி தூரம் முன்னேறிவிடும். சின்னப் பிள்ளைகள் அன்று கூட இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைப்பதுண்டு.

குண்டாற்றையே பாருங்கள். மதுரை மாவட்டத்தின் மேற்கு மலைச்சரிவில் தொடங்கி, திருமங்கலம், காரியாபட்டிப் பக்கமாக வந்து, திருச்சுழியில் கோயிலை ஒட்டிப் போய், கமுதி தாண்டிக் கடலைப் பார்க்கிறது. வருடத்தில் பெரும்பாலான நாள் மணல்தான். ஆனால் அதன் வழியிலும் கிளைகளிலும் இருக்கும் கண்மாய்கள் ஒன்றோடொன்று சங்கிலியாகக் கட்டப்பட்டவை. மேல் கண்மாய் நிறைந்தால் அதன் கலுங்கு வழியே வழிந்த தண்ணீர் கீழ்க் கண்மாய்க்கு வரத்து. ஆகவே உங்கள் தலைக்கு மேல் வானம் வெளுத்திருப்பது எதற்கும் அத்தாட்சி ஆகாது.

எந்தக் கண்மாய் என்று பெயர் கேட்டிருக்கிறீர்கள். நான் சொல்லப் போவதில்லை, காரணத்தைச் சொல்கிறேன். விருதுநகர் மாவட்டத்துக்கு ஆண்டு மழை சுமார் 800 மில்லிமீட்டர், அதில் ஏறக்குறைய பாதி ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டிவிடும். போன தையில் கடல் மாதிரி கிடந்த கண்மாயில் இந்தத் தையில் மாடு மேயும். பெயரை நம்பி வந்தால் ஏமாறுவீர்கள். எப்படிப் பார்ப்பது என்று தெரிந்துகொண்டால் எந்த வருடமும் உங்களுக்கு இடம் அமையும்.

பகலில் நேராகக் கலுங்குக்குப் போங்கள். கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து போவதற்காகக் கல்லிலோ கான்கிரீட்டிலோ கட்டிய தாழ்ந்த சுவர் அது. அதன் தலை மட்டம்தான் அந்தக் கண்மாயின் முழுக் கொள்ளளவு மட்டம். அதற்குத் தாழ்ந்த நிலம் எல்லாம் என்றைக்காவது தண்ணீருக்குள் போகிற நிலம். கலுங்குமேல் நின்று சுற்றிப் பாருங்கள். கண் மட்டத்தில் பிடிபடவில்லை என்றால் முள்செடிகளைப் பாருங்கள். தண்ணீர் ஏறி இறங்கின இடத்தில் காய்ந்த பாசி, சருகு, நத்தை ஓடு எல்லாம் ஒரே வரிசையாகத் தூரில் ஒட்டிக் கிடக்கும். அந்தக் கோட்டைத் தாண்டி மேட்டுப் பக்கம் போனால்தான் உங்கள் தேடல் தொடங்குகிறது. அமெரிக்கக் காடுகளில் முகாமிடுகிறவர்களுக்கு நீர்நிலையிலிருந்து 200 அடி தள்ளிக் கூடாரம் போடச் சொல்லிக் கொடுக்கிறார்கள். தண்ணீர் கெடாமல் இருக்கவும், அங்கே குடிக்க வரும் உயிர்களுக்கு வழி விடவும்தான் அந்தக் கணக்கு. நம் கண்மாயில் அந்த 200 அடியை இன்றைக்குத் தண்ணீர் நிற்கிற இடத்திலிருந்து அளக்காதீர்கள். அந்த நத்தை ஓட்டுக் கோட்டிலிருந்து அளந்துகொள்ளுங்கள்.

நம் சீமையில் நிலம் மேற்கே உயர்ந்து கிழக்கே, தென்கிழக்கே தாழ்கிறது. அதனால் கரை பெரும்பாலும் கிழக்கிலும் தெற்கிலும் வளைந்து கிடக்கும், மேடு மேற்கிலோ வடமேற்கிலோ இருக்கும். நீங்கள் தேட வேண்டியது அந்த மேட்டுப் பக்கத்தை. ஒரு சங்கடம் உண்டு. தை மாதத்தில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து தண்ணீரைத் தடவிக்கொண்டு நேராக அந்த மேட்டுக்குத்தான் வரும். டென்ட் வாசலைத் தென்மேற்காக வையுங்கள். காற்று வரும் பக்கம் புதர் ஒன்று இருந்தால் நல்லது. விடியற்காலையில் பனி கொட்டும், டென்ட் உள்பக்கமும் வியர்க்கும். மேல் சன்னலை முழுக்க மூடிவிடாதீர்கள்.

கரைமேல் அடிக்கலாமே, உயரமாக இருக்கிறதே என்று தோன்றும். வேண்டாம். கரை என்பது மண்ணைக் குவித்து, மிதித்து இறுக்கியது. அதில் முளை அடிப்பதே தவறு. எலி வளை இருக்கும், எலியைத் தேடிப் பாம்பு வரும். விடியுமுன் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர், மாடு பத்துகிறவர் எல்லாருக்கும் அதுதான் பாதை. பல ஊர்களில் அய்யனாரும் கருப்பசாமியும் இருப்பதும் கரையில்தான், ஊருக்கு அது செருப்பைக் கழற்றும் இடம். கலுங்குக்குக் கீழே பள்ளத்தில் அடிப்பதோ பைத்தியக்காரத்தனம்.

அடுத்து மண். அருப்புக்கோட்டையைச் சுற்றிக் கரிசல் அதிகம். திருச்சுழி வட்டாரத்தில் கரிசலுக்கு இடையிடையே செவலும் சரளையும் வரும். கரிசல் நனைந்தால் ஊதும், காய்ந்தால் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். அந்த வெடிப்பில் தேள் இருக்கும், பாம்பும் இருக்கும். ஒரு தூறல் போட்டால் கார் டயரில் அப்பிக்கொண்டு வண்டி நகராது, அடித்த முளையும் கையோடு வந்துவிடும். செவல் மேடு கிடைத்தால் யோசிக்காமல் அதை எடுத்துக்கொள்ளுங்கள். மண் இளகலாக இருந்தால் உரச்சாக்கில் மணலை நிரப்பி அதில் கயிற்றைக் கட்டுங்கள். சீமைக்கருவேல முள் மண்ணுக்குள் வருடக்கணக்கில் மக்காமல் கிடந்து செருப்பையே துளைக்கும், டென்ட் தரை அதற்கு எம்மாத்திரம்? இடத்தை விளக்குமாறு போட்டுப் பெருக்கி, கனத்த தார்ப்பாய் விரித்து, அதன்மேல் டென்ட்டை வையுங்கள். பனைமரத்தடி வேண்டாம். மட்டை விழும், இடியும் விழும். மின்னல் தொடங்கிவிட்டால் டென்ட் ஒரு பாதுகாப்பும் தராது, காருக்குள் ஏறி உட்காருங்கள்.

பாம்பு பற்றிக் கேட்டீர்கள். நம் பக்கம் நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டு விரியன் நான்கும் உண்டு. இதில் தரையில் படுக்கிறவர்களுக்கு எமன் கட்டு விரியன். இரவில் வரும், தூக்கத்திலேயே கடிக்கும், பல நேரம் வலியே இருக்காது. விடியக்காலை வயிற்றுவலி, கண் இமை சொருகுதல் என்றுதான் தெரியவரும். நம் பெரியவர்கள் களத்தில் காவலுக்குப் படுக்கும்போது கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போனதன் அருமை இதுதான். வாசல் ஜிப்பை முழுக்க மூடிய டென்ட் அந்தக் கட்டிலைப் போலவே காக்கும், ஆனால் முழுக்க மூட வேண்டும். பிள்ளைகள் ஒரு ஓரத்தைத் திறந்து போட்டுவிடுவார்கள், படுக்குமுன் நீங்களே பாருங்கள். செருப்பு, ஷூ எல்லாம் உள்ளே. இரவில் எழுந்தால் டார்ச் இல்லாமல் கால் வைக்கக் கூடாது. கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட இடத்தை அசைக்காமல் 108-க்குச் சொல்லி, காரிலேயே அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். 2022-இல் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. டென்ட் போடும் இடத்திலிருந்து தார் ரோட்டுக்கு இரவில் எத்தனை நிமிடம் என்று பகலிலேயே ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். செல்போனில் சிக்னல் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பாம்பைவிட எனக்குப் பயம் இரண்டு. ஒன்று தண்ணீர்க் குழி. விவசாயிகள் கண்மாயில் வண்டல் மண்ணை இலவசமாக அள்ளிக்கொள்ள 2017-இல் அரசு வழி செய்தது. நிலத்துக்கு நல்லது, நான் குறை சொல்லவில்லை. ஆனால் இயந்திரம் வெட்டிய பள்ளம் கிணறு மாதிரி செங்குத்தாக இருக்கும். முழங்கால் ஆழத்தில் நடந்துகொண்டிருக்கிற பிள்ளை அடுத்த அடியில் காணாமல் போகும். மடைக்குப் பக்கமும் அப்படியே, தண்ணீர் உள்ளே இழுக்கும். உங்கள் பிள்ளைகளுக்கு நீச்சல் தெரிந்தாலும் கண்மாயில் இறங்க விடாதீர்கள். இரண்டாவது, வேலி. கருவேலங்காட்டுக்குள் காட்டுப்பன்றி பெருகிவிட்டது. மக்காச்சோளக் கொல்லையைக் காக்கச் சிலர் சட்டத்துக்கு விரோதமாகக் கம்பியில் மின்சாரம் விடுகிறார்கள். இருட்டில் வயல்வெளியில் யாரும் நடக்கக் கூடாது. சாப்பாட்டையும் டென்ட்டுக்குள் வைக்காதீர்கள், பன்றியும் நாயும் மோப்பம் பிடித்து வரும்.

யாரிடம் கேட்பது? 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள கண்மாய் நீர்வளத் துறையைச் சேர்ந்தது, அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துக்கு. ஆனால் இரவில் உங்களை எழுப்பிக் கேள்வி கேட்கப் போவது மீன் குத்தகைக்காரரின் காவல் ஆள். அவரையும், ஊராட்சித் தலைவரையும், கிராம நிர்வாக அலுவலரையும் முன்கூட்டியே பார்த்துச் சொல்லிவிடுங்கள். இதைவிடச் சுலபமான வழி உங்கள் கையிலேயே இருக்கலாம். கண்மாய் மேட்டை ஒட்டி உங்களுக்கோ பங்காளிகளுக்கோ புஞ்சை இருக்கிறதா? பம்ப்செட் அறை இருந்தால் இன்னும் விசேஷம். பட்டா நிலம், கலுங்கு மட்டத்துக்கு மேலே, கூப்பிடு தூரத்தில் ஆள். கண்மாய்த் தண்ணீர் கண்ணுக்குத் தெரியும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் வேறு எங்கும் தேட மாட்டேன். குடிதண்ணீரை மட்டும் ஊரிலிருந்து கொண்டுபோங்கள். இங்கே பல கிணறுகள் உப்பு.

நாட்டுக் கருவேல மரங்கள் நிற்கிற கண்மாயில் கூடு தெரிந்தால் அந்தப் பக்கமே வேண்டாம். நத்தைக்குத்தி நாரையும் கூழைக்கடாவும் இரவில் மிரண்டு எழுந்தால் குஞ்சு கூட்டிலிருந்து விழும். பறவைதான் பார்க்க வேண்டும் என்றால் மறுநாள் பகலில் கமுதி தாண்டி முதுகுளத்தூர்ப் பக்கம் சித்திரங்குடிக்கும் காஞ்சிரங்குளத்துக்கும் பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். இரண்டும் 1989-இல் சரணாலயமாகி, 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை. அங்கே பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும்.

தை பிறந்தபின் மழை ஓய்ந்திருக்கும், கண்மாயில் தண்ணீர் மிச்சமிருக்கும், நெல் அறுப்பும் தொடங்கியிருக்கும். உங்கள் பொங்கல் கணக்கு சரியானதுதான். முடிந்தால் நிலா இல்லாத நாளாகப் பாருங்கள். தாம்பரத்தில் உங்கள் பிள்ளைகள் பார்த்தே இராத வானம் இங்கே இருக்கிறது.

கீதாரிகளைப் பற்றியும் உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள். இந்தச் சீமையிலிருந்து ஆட்டுக் கிடையோடு கிளம்பி மாதக்கணக்கில் வெட்டவெளியிலேயே இருப்பவர்கள். வழியில் ஒரு கிடை தட்டுப்பட்டால் நின்று, இன்றைக்கு இந்த இடத்தை ஏன் எடுத்தீர்கள் என்று கேளுங்கள். உங்கள் அப்பாவையும் கலுங்குக்குக் கூட்டிப்போங்கள். கடைசியாகக் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தபோது தண்ணீர் எதுவரை நின்றது என்று அவருக்குத் தெரியும். அவர் கை காட்டுகிற இடத்தைத் தாண்டித்தான் டென்ட் அடிக்கப்போகிறீர்கள் என்று தெரிந்தால் சத்தம் போட மாட்டார் என்று நம்புகிறேன். அவருக்கு ஒரு கயிற்றுக் கட்டிலையும் கொண்டுபோங்கள்.

அடுப்புக்கு விறகு மூட்டாதீர்கள், சின்ன கேஸ் ஸ்டவ் போதும். தையில் புல் காயத் தொடங்கிவிடும், வாடையில் பொறி பறந்தால் அறுப்புக்கு நிற்கிற வயல் வரை போகும். காலையில் கிளம்பும்போது எத்தனை முளை அடித்தீர்களோ அத்தனையையும் எண்ணி எடுங்கள். ஒரு கம்பி மண்ணில் விட்டுப்போனால் கோடையில் அங்கே மேய வரும் மாட்டின் குளம்பில் ஏறிவிடும்.