ரேக் யூனிட் வாங்கும்போது முகப்பைப் பார்க்காதீர்கள்

காரைக்கால்காரர்களுக்கு வெளிநாட்டு கிட்டார் எஃபெக்ட்ஸ் யூனிட் எட்டாத பொருள் அல்ல. பிரெஞ்சு ஆட்சி 1954-இல் முடிந்தது. பிரான்ஸோடு உறவு விட்டுப்போகாத குடும்பங்கள் இன்னும் இங்கே உண்டு. துபாயில் வேலை பார்ப்பவர்களும் உண்டு. ஊருக்கு வரும்போது சூட்கேஸில் துணிகளுக்கு நடுவே பழைய ரேக் யூனிட் ஒன்றை வைத்துக் கொண்டுவர யாராவது கிடைப்பார்கள். எதைக் கொண்டுவரச் சொல்வது என்பதில்தான் வாய்வழி நம்பிக்கைகள் குறுக்கே வந்து நிற்கின்றன. அவற்றில் பல பணத்தை வீணாக்கும். ஒன்று உயிரையே வாங்கும்.

"ரேக் என்றாலே ஸ்டுடியோ தரம். பெடல் ஒரு படி கீழே."

ரேக் என்பது ஓர் அளவு, அவ்வளவுதான். முகப்பின் அகலம் 19 அங்குலம், ஒரு யூனிட்டின் உயரம் 44.45 மில்லிமீட்டர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளில் கருவிகளை அடுக்குவதற்கு வந்த சட்டகம் அது. 1970களிலும் 80களிலும் நல்ல டிஜிட்டல் டிலேயும் ரிவெர்பும் அவ்வளவு பெரிய பெட்டிக்குள்தான் அடங்கின. ரேக்குக்கு நல்ல பெயர் வந்தது அப்படி. ஈவன்டைட் நிறுவனம் 1970களில் ரேக்கில் விற்ற எச்910-இன் ஒலியை, பின்னாளில் அதே நிறுவனம் காலால் மிதிக்கும் பிட்ச்ஃபேக்டர் பெடலுக்குள்ளேயே கொடுத்துவிட்டது. ரேக்குக்கு உண்மையான பலம் இரண்டு: பின்பக்கம் நிறைய இணைப்புகள், பலவற்றில் உள்ளேயே இருக்கும் பவர் சப்ளை. பலவீனம் ஒன்று. ரேக் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும், பாட்டு நடுவே அதன் பட்டனை அழுத்த முடியாது. மிடி ஃபுட் கன்ட்ரோலர் தனியாக வேண்டும். விலை பேசும்போது பலர் மறப்பது இதைத்தான்.

"கிட்டார் கேபிளை நேராகச் செருகினால் போதும்."

இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய பல ஆயிரம் சுற்றுக் கம்பி. அது தரும் சிக்னல் மெலிது. அதை வாங்கும் இன்புட்டின் இம்பீடன்ஸ் உயர்ந்து இருந்தால்தான் முழுசாக வந்து சேரும். கிட்டார் ஆம்ப்பின் இன்புட் சுமார் 1 மெகாஓம். பல ரேக் யூனிட்களில் இருப்பது லைன் இன்புட், 10 அல்லது 20 கிலோஓம். நேராகச் செருகினால் விளக்குகள் எரியும், எஃபெக்ட்டும் வரும். ஆனால் கிட்டாரைக் கம்பளியால் போர்த்தியதுபோல மேல் நாதமெல்லாம் அடங்கிப்போகும். வாங்கியவர் யூனிட் கெட்டுவிட்டது என்று விற்றுவிடுவார். தவறு யூனிட்டில் இல்லை. அதன் இடம் ஆம்ப்பின் செண்ட்–ரிட்டர்ன் லூப்பில், அல்லது ஒரு ப்ரீஆம்ப்புக்குப் பின்னால்.

லூப்பில் போட்டாலும் லெவல் பொருந்த வேண்டும். ஸ்டுடியோ லெவல் +4 டிபியு, அதாவது 1.23 வோல்ட். வீட்டுக் கருவிகளின் லெவல் −10 டிபிவி, அதாவது 0.316 வோல்ட். ஏறக்குறைய நான்கு மடங்கு வித்தியாசம். சில ஆம்ப்களின் லூப் இதைவிடவும் மெலிந்த சிக்னல் தரும். அதை +4-க்கு மட்டுமே செய்த யூனிட்டில் விட்டால் மீட்டர் அசையாது, இரைச்சல்தான் கேட்கும். பின்பக்கத்தில் லெவல் மாற்றும் சுவிட்ச் உள்ள யூனிட்டை எடுங்கள். என் பார்வையில் முகப்பில் உள்ள நூறு ப்ரீசெட்டைவிட அந்த ஒரு சுவிட்சுக்கு மதிப்பு அதிகம்.

இன்னொரு விஷயம். டெல்டா பக்கத்து ஆர்கெஸ்ட்ரா மேடைகளில் பெரும்பாலும் கிட்டார் ஆம்ப்பே இருப்பதில்லை. கிட்டார் நேராக மைக்செட்காரரின் மிக்ஸருக்குப் போகிறது. எஃபெக்ட் மட்டும் தரும் பழைய ரேக்கை அங்கே கொண்டுபோனால், டிஸ்டார்ஷன் போட்டதும் காதைக் கீறும். கிட்டார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பெரும்பாலானதை விழுங்கிவிடும். மேடை ஸ்பீக்கர் அப்படியே வெளியே விடும். நீங்கள் வாசிப்பது அப்படிப்பட்ட மேடைகளில்தான் என்றால் கிட்டார் ஸ்பீக்கர் செய்யும் வேலையைச் செய்துதரும் கேபினெட் சிமுலேஷன் உள்ளே இருக்கும் யூனிட்டாகப் பாருங்கள். இல்லையென்றால் ரேக் ஆசையைத் தள்ளிவைத்து, தரையில் வைக்கும் மல்டி-எஃபெக்ட்ஸே போதும் என்று முடிவெடுங்கள். அது தாழ்ந்த முடிவு அல்ல.

"96 கிலோஹெர்ட்ஸ் இல்லையென்றால் வாங்காதே."

யமஹா எஸ்பிஎக்ஸ்90, 1980களின் நடுவில் வந்தது. அதன் சாம்ப்ளிங் 31.25 கிலோஹெர்ட்ஸ், எஃபெக்ட் ஒலி 12 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். அதன் 'சிம்ஃபோனிக்' ப்ரீசெட்டுக்காக இன்றும் தேடி வாங்குகிறார்கள். மேலே சொன்ன 5,000 ஹெர்ட்ஸ் கணக்கை இதோடு வைத்துப் பாருங்கள். டிஸ்டார்ஷனையே டிஜிட்டலில் உருவாக்கும் யூனிட்டுக்கு மட்டும் உயர்ந்த சாம்ப்ளிங் உண்மையிலேயே உதவும். டிலேக்கும் ரிவெர்புக்கும் அது பெரிய விஷயமில்லை.

"ஹார்மனைசர் இருந்தால் ரெண்டு கிட்டார் வாசிச்ச மாதிரி இருக்கும்."

ஹார்மனைசர் நீங்கள் வாசிக்கும் சுரத்தோடு இன்னொரு சுரத்தைச் சேர்த்துத் தரும். மேற்கத்திய வாசிப்புக்கு இது சரி. நம் வாசிப்புக்கு யோசிக்க வேண்டும். ராணிப்பேட்டையில் பிறந்த கிட்டார் பிரசன்னா எலெக்ட்ரிக் கிட்டாரில் கமகத்தோடு கர்நாடக சங்கீதம் வாசிக்கலாம் என்று காட்டியவர். அந்த வழியில் கை பழகியவர்கள் இதைக் கவனியுங்கள். சங்கராபரணத்தில் ஹார்மனைசரை 'மேல் மூன்றாம் சுரம்' என்று வைத்தால், ச வாசிக்கும்போது அது க-வைச் சேர்க்கும்: நான்கு ஃப்ரெட் மேலே. ரி வாசித்தால் ம: மூன்று ஃப்ரெட்தான். ச-விலிருந்து ரி-க்கு நீங்கள் ஜாருவாக இழுத்தால் உங்கள் சுரம் வழுக்கிப் போகும். நான்கா மூன்றா என்று முடிவெடுக்கும் இடத்தில் யூனிட்டின் குரல் மட்டும் வெட்டிக் குதிக்கும். கமகம் உடைந்துவிடும். விலை கூடினாலும் இது தீராது, ஏனென்றால் கருவிக்குச் சொல்லிக்கொடுத்திருப்பது தனித்தனிச் சுரங்களை. அவற்றுக்கு நடுவே இருக்கும் பாதையை அல்ல. ஆக்டேவ் அல்லது ஐந்தாம் சுரம் என்று மாறாத இடைவெளியில் வைத்தால் இந்தக் குதிப்பு வராது.

இனி உயிர் விஷயம். "ஹம் வந்தால் எர்த் பின்னைக் கழற்றிவிடு" என்பது மேடைக்கு மேடை கேட்கும் யோசனை. ஹம் போய்விடும் என்பது உண்மை. போவது ஹம் மட்டுமல்ல. யூனிட்டுக்குள் ஒரு கம்பி உரசினால் அதன் உலோக உடம்பில் மின்சாரம் ஏறும். எர்த் இருந்தால் ஃபியூஸ் போகும். எர்த் இல்லையென்றால் அந்த மின்சாரம் கேபிள் ஷீல்டு வழியாகக் கிட்டார் தந்திக்கு வந்து காத்திருக்கும். தந்தியில் கையும் எர்த் உள்ள மைக்கில் உதடும் பட்டால் அது போகும் வழி உங்கள் நெஞ்சு. ஸ்டோன் தி க்ரோஸ் குழுவின் கிட்டாரிஸ்ட் லெஸ் ஹார்வி 1972 மே 3 அன்று வேல்ஸின் ஸ்வான்சீயில் மேடையிலேயே இறந்தார். அங்கே எர்த் சரியில்லாதது மைக் பக்கம்; அதைத் தொட்டதுதான் காரணம். ஜெனரேட்டரில் ஓடும், மழை ஈரம் காயாத திருவிழா மேடையில் இந்த ஆபத்து இன்னும் கூடும். ஹம் போக வேறு வழிகள் உண்டு. கிட்டார் பக்கத்துக் கருவிகள் எல்லாவற்றுக்கும் ஒரே பிளக் பாயின்ட்டிலிருந்து மின்சாரம் எடுங்கள். மிக்ஸருக்குப் போகும் வழியில் கிரவுண்டு-லிஃப்ட் சுவிட்ச் உள்ள டிஐ பாக்ஸ் போடுங்கள். அது ஆடியோ கேபிளின் எர்த்தைத்தான் பிரிக்கிறது, மின்சார எர்த்தை அல்ல.

யாரும் கழற்றாமலே எர்த் காணாமல் போவதும் உண்டு. பிரெஞ்சு பிளக்கில் எர்த் பின் கிடையாது. அங்கே பின் சுவர் சாக்கெட்டில் இருக்கும், பிளக்கில் இருப்பது அதற்கான துளை. நம் சாக்கெட்டில் அதன் இரண்டு பின்கள் எப்படியோ நுழைந்து யூனிட் ஓடிவிடும், ஏனென்றால் வோல்ட்டேஜ் அங்கும் 230தான். எர்த் மட்டும் கிடைக்காது. பல ரேக் யூனிட்களில் கம்ப்யூட்டருக்குப் போடும் அதே பவர் கேபிள்தான் சேரும். நம் ஊர் மூன்று பின் கேபிளை வாங்கி மாட்டிவிடலாம். அடாப்டர் வேண்டாம். ஜப்பானில் விற்றது 100 வோல்ட், அமெரிக்காவில் விற்றது 120. பின்பக்கத்தில் 100–240 என்று போட்டிருந்தாலோ, வோல்ட்டேஜ் மாற்றும் வசதி இருந்தாலோ தவிர, ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் இங்கே செருகக் கூடாது.

ஆகவே கொண்டுவரப்போகிறவரிடம் முதலில் பின்பக்கத்தின் புகைப்படம் கேளுங்கள். வோல்ட்டேஜ், பவர் சாக்கெட், லெவல் சுவிட்ச், மிடி எல்லாம் அதில் தெரிந்துவிடும். ஜாக்குகளில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள். கடல்காற்று இங்கே மீதியைச் செய்துவிடும். பிறகு ஒரே ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள்: ஒரு ப்ரீசெட்டை மாற்றி சேமித்து, யூனிட்டை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, மறுநாள் போட்டுப் பார்க்கட்டும். சேமித்தது அழிந்திருந்தால் உள்ளே மெமரி பேட்டரி தீர்ந்திருக்கும். பல பழைய யூனிட்களில் அது சாதாரண நாணய வடிவ லித்தியம் பேட்டரி, சில மாடல்களில் பலகையோடு ஈயம் வைத்துப் பற்றியிருக்கும். மாற்றுவதற்கு ஆகும் செலவு சிறியது. அதைக் காட்டி விலையைக் குறைத்துக் கேட்கலாம்.