பழைய ஹைபிரிட் காரை மாற்றப் போகிறீர்களா?

புதுக்கோட்டையில் கார் வைத்திருப்பவர்களுக்கு வண்டி ஊருக்குள் ஓடுவதைவிட வெளியூருக்கு ஓடுவதுதான் அதிகம். சிங்கப்பூரிலிருந்து வருபவரை அழைக்கத் திருச்சி விமான நிலையம், நேர்த்திக்கடனுக்குப் பழனி, திருச்செந்தூர், விசேஷம் என்றால் ஏறக்குறைய 400 கிலோமீட்டர் தள்ளிச் சென்னை. மைலேஜை நம்பிப் பத்து வருடத்துக்கு முன் ஹைபிரிட் வாங்கியவர்களிடம், ‘பேட்டரி போனால் வண்டியே போச்சு’ என்று பயமுறுத்தி அடிமாட்டு விலைக்குக் கேட்பவர்கள் வர ஆரம்பித்திருப்பார்கள். சாவியைக் கொடுப்பதற்கு முன் இவற்றைப் பார்த்துவிடுங்கள்.

1. உங்களுடையது எந்த ஹைபிரிட்? 2015-ல் வந்த மாருதி சியாஸ், எர்டிகா டீசல் வண்டிகளின் பின்னால் ‘எஸ்ஹெச்விஎஸ்’ என்று எழுதியிருக்கும். அது மைல்டு ஹைபிரிட். இன்ஜினுக்குக் கொஞ்சம் கைகொடுக்கும், சிக்னலில் அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்யும், அவ்வளவுதான். மோட்டார் தனியாக வண்டியை இழுக்காது. இதற்குப் பேட்டரி பயமே வேண்டாம். மற்ற டீசல் காரைப் போலக் கிளட்ச், டர்போ, சஸ்பென்ஷன் பார்த்து முடிவெடுக்கலாம். 2013-ல் இங்கே விற்பனைக்கு வந்த டொயோட்டா கேம்ரி ஹைபிரிட், அதற்கும் முந்தைய பிரியஸ் போன்றவைதான் முழு ஹைபிரிட். அடுத்த ஐந்து குறிப்புகள் பெரும்பாலும் இவர்களுக்காக.

2. காலையில் வண்டி எடுக்கவில்லை என்றதும் பெரிய பேட்டரியைச் சந்தேகப்படாதீர்கள். முழு ஹைபிரிட்டிலும் சாதாரண 12 வோல்ட் பேட்டரி ஒன்று உண்டு. அது செத்தால் கம்ப்யூட்டர் எழாது, ‘ரெடி’ விளக்கு எரியாது, டாஷ்போர்டில் தாறுமாறாக எச்சரிக்கைகள் வரும். சில ஆயிரங்களில் முடிகிற வேலை. இதைப் பார்த்துப் பயந்து வண்டியை விற்றால், வாங்கியவர் மறுநாள் சின்ன பேட்டரியை மாற்றிவிட்டுச் சிரித்துக்கொண்டே ஓட்டுவார்.

3. பெரிய பேட்டரிக்கு முதல் எதிரி சூடு. நம் ஊர்ச் சித்திரை வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பேட்டரியைக் குளிர்விக்க உள்ளே ஒரு சின்ன விசிறி இருக்கும். பல மாடல்களில் அதன் காற்று வழி பின் இருக்கைக்குப் பக்கத்தில். நீண்ட பயணத்தில் தலையணை, போர்வை, பலகாரப் பை எல்லாம் சரியாக அந்த இடத்தில்தான் வந்து உட்காரும். வழியை அடைக்காமல் வையுங்கள். வருடம் ஒருமுறை விசிறியையும் வடிகட்டியையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். தூசி அடைத்த விசிறியால் மட்டுமே ‘பேட்டரி பழுது’ என்று தள்ளப்பட்ட வண்டிகள் உண்டு. எலி கூடு கட்டவும் அந்தக் குழாய் வசதியான இடம். தென்னந்தோப்பு வீட்டுக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

4. பேட்டரிக்கு உண்மையிலேயே வயதாகிவிட்டதா? கொடைக்கானல் மலை சொல்லிவிடும். இறங்கும்போது பிரேக் பிடிக்கப் பிடிக்கப் பேட்டரி நிறையும், ஏறும்போது குறையும். நல்ல பேட்டரியில் இது நிதானமாக நடக்கும். மீட்டர் சட்டென்று நிறைந்து சட்டென்று காலியானால், சமதளத்திலும் இன்ஜின் அடிக்கடி எழுந்தால், விசிறி ஓயாமல் இரைந்தால், மைலேஜ் மாதாமாதம் இறங்கினால், காலம் நெருங்கிவிட்டது. ஸ்கேனர் போட்டு ஒவ்வொரு பகுதியின் வோல்டேஜையும் தனித்தனியாகக் காட்டச் சொல்லுங்கள். அந்த அச்சுத்தாளைக் கையில் வாங்காமல் ‘போயிடுச்சு சார்’ என்ற வாய்ச்சொல்லை மட்டும் நம்பாதீர்கள்.

5. கெட்டுப்போன ஒரு பகுதியை மட்டும் மாற்றித் தருகிறோம் என்பார்கள். செலவு குறைவுதான். ஆனால் மிச்சப் பகுதிகளுக்கும் அதே வயது. புதிதாகப் போட்ட ஒன்று பழையவற்றோடு ஒத்துப்போகாது. விற்கும்வரை உள்ளூரில் ஓட்டப் போதும். குடும்பத்தோடு ராத்திரிப் பயணம் போகிற வண்டிக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். முழு பேட்டரியின் விலை, அந்தக் காரின் இன்றைய சந்தை விலையில் பாதியைத் தொட்டால் வண்டியையே மாற்றிவிடுவது நல்லது. தொடவில்லை, பாடியும் இன்ஜினும் திடமாக இருக்கிறது என்றால், புது பேட்டரி போட்டு இன்னும் சில வருடம் ஓட்டுவதில் தப்பே இல்லை. புதுக் கார் வாங்குவதைவிட அது மலிவு.

6. வழியில் நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். சக்கரம் சுற்றினால் மோட்டாரும் சேர்ந்து சுற்றி மின்சாரம் உண்டாகும்; உள்ளே பாகங்கள் சூடேறிக் கெடும். வண்டி முழுவதையும் மேலே ஏற்றிப் போகும் பிளாட்பெட் லாரிதான் வர வேண்டும். ஆரஞ்சு நிற வயர் எதையும் தெரியாத மெக்கானிக் தொடக் கூடாது. உள்ளே ஓடுவது உயிரை எடுக்கும் வோல்டேஜ். ஆவுடையார்கோயில் பக்கம் நின்றால் ஹைபிரிட் தெரிந்த பட்டறைக்கு எவ்வளவு தூரம் தூக்கிப்போக வேண்டும், இன்சூரன்ஸில் உள்ள சாலை உதவி அத்தனை தூரம் வருமா, உங்கள் வண்டியின் வயதுக்கு அதைத் தருகிறார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

7. பெட்ரோலும் மாறிவிட்டது. இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. 2023 ஏப்ரலுக்குப் பிந்தைய வண்டிகள் இதற்கேற்ற பாகங்களோடு வருகின்றன. அதற்கு முந்தைய பலவற்றுக்கு இது புதிது. மைலேஜ் லேசாகக் குறைந்தால் பேட்டரிமீது பழி போடும் முன் இதையும் யோசியுங்கள். பழைய வண்டியில் பெட்ரோல் ஹோஸ், ரப்பர் பாகங்களைச் சர்வீஸின்போது பார்க்கச் சொல்லுங்கள்.

8. பத்து வருடம் ஆனால் டீசல் வண்டி ஓட்ட முடியாது என்ற பேச்சு டெல்லிச் சுற்றுவட்டாரத்துக்கானது. இங்கே சொந்த உபயோகக் காருக்கு ஆர்சி 15 வருடம். பிறகு ஆர்டிஓ அலுவலகத்தில் எஃப்சி காட்டி ஐந்தைந்து வருடமாக நீட்டலாம். கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது, பசுமை வரி தனி. 14-வது வருடத்தில் விற்பதைவிட 12-ல் விற்றால் விலை கூடுதலாகக் கிடைக்கும். வாங்குபவரும் இந்தக் கணக்கைப் போடுவார்.

9. புது வண்டி என்றால் மறுபடி ஹைபிரிட்தானா? இதுதான் நின்று யோசிக்க வேண்டிய இடம். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியைச் சேமிப்பதுதான் ஹைபிரிட்டின் லாபம். நின்று நின்று போகும் சென்னை நெரிசலில் அது அள்ளித் தரும். விராலிமலை தாண்டி நான்குவழிச் சாலையில் நூறில் போகும்போது பிரேக்குக்கே வேலை இல்லை, லாபமும் குறையும். கிராண்ட் விட்டாராவுக்கு லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர், இன்னோவா ஹைகிராஸுக்கு 23.24 என்று விளம்பரத்தில் இருப்பது சோதனைக்கூடக் கணக்கு. பயணம் முழுவதும் நெடுஞ்சாலை, ஏழு பேர், நிறையச் சாமான் என்றால் டீசலையும் ஒதுக்கிவிட வேண்டாம். இன்றைய டீசல் வண்டிகளில் உள்ள புகை வடிகட்டி குறுந்தூர ஓட்டத்தில்தான் அடைத்துக்கொள்ளும், நீண்ட ஓட்டம் அதற்கு நல்லது. பாதி ஊருக்குள், பாதி வெளியூர், ஆட்டோமேட்டிக் வேண்டும் என்பவர்களுக்கு ஹைபிரிட் பொருந்தும். எலக்ட்ரிக் கார் திருச்சி, தஞ்சாவூர், மதுரை போய்த் திரும்ப அருமை. மாதம் இரண்டு முறை சென்னை போகிறவர்கள், வழியில் எங்கே சார்ஜ் போடுவது என்பதை வாங்குவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

10. ஷோரூமில் ஆன்ரோடு விலையைத்தான் கேளுங்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 10 முதல் 20 லட்சம்வரை விலையுள்ள காருக்கு 18 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம் ஆயுள் வரி. ஹைபிரிட்டுக்கும் இதேதான், எலக்ட்ரிக் காருக்குத் தரப்பட்டுவரும் வரி விலக்கு இதற்குக் கிடையாது. பெட்ரோல் மாடலுக்கும் ஹைபிரிட் மாடலுக்கும் உள்ள வித்தியாசம் இந்த வரியால் இன்னும் வளரும். வருடம் பத்தாயிரம் கிலோமீட்டர்கூட ஓட்டாதவருக்கு, மிச்சமாகும் பெட்ரோலில் அதை எடுக்கப் பல வருடம் ஆகும்.

11. டெஸ்ட் டிரைவுக்குப் போகும்போது வீட்டில் உள்ள பெரிய விமானப் பெட்டிகள் இரண்டைக் கையோடு கொண்டுபோங்கள். சில ஹைபிரிட்களில் பேட்டரி டிக்கியில் இடத்தைத் தின்றிருக்கும்.

12. செகண்ட் ஹேண்ட் ஹைபிரிட் வாங்குகிறீர்களா? டொயோட்டா, மாருதி, ஹோண்டாவின் இப்போதைய முழு ஹைபிரிட்களுக்குப் பேட்டரி வாரண்டி 8 வருடம் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது. அதில் எவ்வளவு மிச்சம், பெயர் மாற்றினால் தொடருமா என்று கம்பெனியிடமே கேளுங்கள். சென்னை வண்டி என்றால் 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் நின்றதா என்று பாருங்கள்: சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்தால் சேற்றுக் கறை தெரியும், ஸ்டெப்னிக் குழியில் மண் இருக்கும். தண்ணீர் புகுந்த ஹைபிரிட்டை இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். கடலோரத்தில் கோட்டைப்பட்டினம், மணமேல்குடிப் பக்கம் ஓடிய வண்டியில் அடிப்பக்கத் துருவையும் பாருங்கள்.

13. விற்கும்போது அவசரம் கூடாது. வெற்றுப் படிவங்களில் கையெழுத்துப் போட்டு புரோக்கரிடம் கொடுத்துவிட்டு ‘டெலிவரி நோட் இருக்கே’ என்று இருப்பவர்கள் நிறைய. பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே பொறுப்பாளி என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் நவீன் குமார் வழக்கில் சொல்லியிருக்கிறது. டிஎன் 55 வண்டி யார் கையிலோ விபத்தில் சிக்கினாலும் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான். படிவம் 29, 30 இரண்டையும் வாங்குபவர் பெயர், தேதி போட்டு நிரப்பிய பிறகே கையெழுத்து. 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவியுங்கள். கடன் முடிந்த வண்டி என்றால் படிவம் 35-ம் வங்கியின் என்ஓசியும் கொடுத்து ஆர்சியில் உள்ள ஹெச்பியை (கடன் குறிப்பை) முதலில் நீக்குங்கள். பெயர் மாறிவிட்டதா என்று பரிவாஹன் தளத்தில் நீங்களே பார்க்கலாம். பழைய ஃபாஸ்டேகை மூடுங்கள். இல்லாவிட்டால் வாங்கியவர் பூதகுடி டோல்கேட்டைக் கடக்கும்போதெல்லாம் உங்கள் பணம் போகும்.

14. இன்சூரன்ஸில் கிளெய்ம் இல்லாததற்கான தள்ளுபடி வண்டிக்கு அல்ல, உங்களுக்குச் சொந்தம். ஐந்து வருடம் கிளெய்ம் இல்லை என்றால் 50 சதவீதம்வரை. அதற்கான சான்றை வாங்கிப் புது வண்டியின் பாலிசியில் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று வருடம்வரை செல்லும்.

15. ஆக்டிங் டிரைவரை வைத்து ஓட்டுபவர்கள் புறப்படும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். இன்ஜின் சத்தம் இல்லாததால் வண்டி அணைந்துவிட்டது என்று நினைத்து, ‘ரெடி’ விளக்கு எரியும்போதே இறங்கிப் போய்விடுவார்கள். பார்க்கில் போட்டு, பட்டனை அணைத்துவிட்டு இறங்கச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் வெளிநாட்டில், வண்டி மாதக்கணக்கில் நிற்கிறது என்றால், வாரம் ஒருமுறை ‘ரெடி’யில் போட்டு அரை மணி நேரம் விடவும் அந்த டிரைவரிடமே சொல்லி வைக்கலாம்.

16. கழற்றிய பெரிய பேட்டரியைப் பழைய இரும்புக் கடையில் எடை போட்டுவிடாதீர்கள். 2022-ன் பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்பச் சேகரிப்பது தயாரிப்பாளரின் பொறுப்பு. புது பேட்டரிக்கு விலை பேசும்போதே பழையதை எடுத்துக்கொள்வார்களா, அதற்கு எவ்வளவு கழிப்பார்கள் என்று எஸ்டிமேட்டில் எழுதி வாங்குங்கள்.