கயிற்றுக் கட்டில்

கிள்ளான் பள்ளத்தாக்கின் அடுக்குமாடி வீட்டு வரவேற்பறைக்கு அழகு சேர்க்கும் கயிற்றுக் கட்டில், ஒரு காலத்தில் காவல்காரரின் படுக்கை. மலாயாவின் கடைவீதிகளைக் காத்த சீக்கிய ‘ஜாகா’க்கள் அதைக் கடை வாசலில் போட்டு இரவைக் கழித்தனர்.

இதன் நுட்பம் கால்மாட்டில் இருக்கிறது. சட்டம் முழுவதும் பின்னாமல், அங்கே சற்று இடைவெளி விட்டுத் தனிக்கயிறு கோப்பார்கள். நாளடைவில் பின்னல் தொய்ந்தால், அக்கயிற்றை இழுத்துக் கட்டினால் போதும். கட்டில் மீண்டும் விறைப்பாகிவிடும். ஆணியும் வேண்டாம், தச்சரும் வேண்டாம்!

நைலான் கயிற்றின் நிறத்தில் மயங்குவோர் உண்டு. தேங்காய் நார்க் கயிறு சொரசொரப்பானதுதான். விரிப்பு போட்டால் தீர்ந்தது. நார் எளிதில் மட்காது. ஆயினும், நம் நாட்டின் ஈரக் காற்றில் பூசணம் பிடிக்கலாம். எனவே, அவ்வப்போது வெயிலில் காய வைக்க வேண்டும். மாடிவீட்டில் வெயில் விழும் இடம் பால்கனி மட்டுமே என்றால், வாங்குவதற்கு முன்பே அதன் நீளத்தை அளந்துகொள்ளுங்கள்.