கார்த்திகையில் வந்த வைகுண்ட ஏகாதசி

பூலோக வைகுண்டமெனப் போற்றப்பெறும் திருவரங்கத்தில் பரமபதவாசல் திறக்கப்பெறும் நன்னாள் மார்கழி சுக்லபக்ஷ ஏகாதசி என்பதை யாவரும் அறிவர். ஆயின் 2021-ஆம் ஆண்டில் அவ்வாசல் டிசம்பர் 14, அதாவது கார்த்திகை 28 அன்றே திறக்கப்பெற்றது. திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் உள்ளூர் விடுமுறையும் அந்நாளுக்கே அறிவிக்கப்பட்டது. திருமலையிலும் திருவல்லிக்கேணியிலும் அவ்வைபவம் 2022 ஜனவரி 13, மார்கழி 29 அன்று நடைபெற்றது. எந்நாள் சரியான நாள் என்னும் ஐயம் சேவார்த்திகள் பலருக்கும் எழுந்தது இயல்பே.

இதற்கு விடை தைத்தேரில் உள்ளது. தை மாதப் புனர்பூசத்தை ஒட்டித் தேரோடும் பிரம்மோத்ஸவம் பூபதித் திருநாள் எனப்படும். 2022-இல் அந்நக்ஷத்திரம் ஜனவரி 17, தை 4 அன்று அமைந்தது. ஜனவரி 13-ஐ ஏகாதசித் திருநாளாகக் கொண்டிருப்பின், அன்று தொடங்கும் ராப்பத்தின் ஐந்தாம் நாளிலேயே புனர்பூசம் வந்திருக்கும்; கொடியேற்றமோ பகல்பத்திற்குள் அமைந்திருக்கும். சில ஆண்டுகளில் தையில் புனர்பூசம் இருமுறை வருவதுண்டு. அப்போது பிந்தியதைக் கொள்ள இடமுண்டு. அவ்வாண்டில் அடுத்த புனர்பூசம் மாசி முதல் தேதிக்குச் சென்றுவிட்டது. திருவத்யயன உத்ஸவமும் பிரம்மோத்ஸவமும் ஒன்றையொன்று முட்டாதிருக்கவே, முந்திய ஏகாதசி கொள்ளப்பெற்றது.

இவ்வாறு நேர்வது ஏறக்குறைய 19 ஆண்டுகளுக்கு ஒருமுறை என்பர். இக்கணக்கிற்குக் காரணம் உண்டு. பன்னிரண்டு சாந்திரமான மாதங்கள் சேர்ந்தால் ஏறத்தாழ 354 நாட்களே. சௌரமான ஆண்டிற்கோ 365 நாட்கள். ஆகவே திதிகள் ஆண்டுதோறும் சுமார் 11 நாட்கள் முன்னே நகரும். அதிகமாஸம் வருங்கால் மீண்டும் பின்னே செல்லும். 19 சௌர ஆண்டுகளும் 235 சாந்திர மாதங்களும் சில மணி நேர வேற்றுமையுடன் ஒத்துவருதலின், திதியும் நக்ஷத்திரமும் மாதத் தேதியும் பழைய நிலைக்கே அணுகி வருகின்றன.

எனவே இரு நாட்களுள் ஒன்று பிழையென எண்ணுதல் வேண்டா. ஏகாதசி விரதம் இரு பக்ஷங்களிலும் உண்டாதலின், கார்த்திகையில் அரங்கனைச் சேவித்தவர் மார்கழியிலும் உபவாஸம் இருத்தல் தகும். தொலைவிலிருந்து வரும் அன்பர்கள் பொது நாட்காட்டியை மட்டும் நம்பிப் புறப்படாது, திருக்கோயில் வெளியிடும் உத்ஸவப் பத்திரிகையைப் பார்த்தே பயணத்தை அமைத்துக்கொள்வார்களாக. நம்பெருமாள் எழுந்தருளும் வேளையில் உடன் நின்று சேவிக்கும் பேறு அனைவர்க்கும் வாய்ப்பதாகுக.