கானை விட்டுக் குளத்தைப் பார்

அன்புத் தம்பிக்கு,

சோங்சிங்கிலிருந்து ஒரே நாளில் தியாவ்யூச்செங் மலைக்கோட்டைக்குப் போய்வருவது பற்றி நீ எழுதிய கட்டுரையைப் படித்தேன். ரயில், நுழைவுச்சீட்டு, கடவுச்சீட்டு சங்கதிகளில் நான் தலையிடப் போவதில்லை. அதெல்லாம் உனக்கே நன்றாகத் தெரியும். என்னை உறுத்தியவை இரண்டு. காலையில் கோட்டை, பிற்பகலில் தாசு பாறைச் சிற்பங்கள் என்று ஒரு பகலுக்குள் இரண்டையும் திணித்திருக்கிறாய். கோட்டைக்கு நீ விட்டுவைத்த இரண்டு மணி நேரமும் மோங்கே கான் செத்த இடத்தை நோக்கியே ஓடுகிறது. யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே தவறுதான். ஓர் அரசன் செத்த இடத்தைக் காட்ட இரண்டு மணி நேரம் போதும். ஒரு மலை 36 ஆண்டுகள் எப்படித் தாக்குப்பிடித்தது என்று காட்ட ஒரு பகல் முழுக்க வேண்டும். உன் திட்டத்தில் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

கானின் சாவு பெரிய செய்திதான், மறுக்கவில்லை. செங்கிஸ் கானின் பேரன், மங்கோலியப் பேரரசின் தலைவன், 1259 ஆகஸ்டில் இந்த மலையடி முற்றுகையின்போது இறந்தான். மேற்கே சிரியாவில் இருந்த அவன் தம்பி ஹுலாகு பெரும்படையோடு பின்வாங்கினான்; அங்கே விட்டுச்சென்ற சிறுபடையை 1260 செப்டம்பரில் ஐன் ஜாலூத்தில் மம்லூக்குகள் முறியடித்தார்கள். மற்றத் தம்பிகள் குப்லாயும் அரிக் போகேயும் அரியணைக்காக அடித்துக்கொண்டார்கள். ஆனால், "கடவுளின் சாட்டை ஒடிந்த இடம்" என்று சுற்றுலா விளம்பரப் பலகையின் வாசகத்தை எடுத்துத் தலைப்பாக்கினாயே, அந்தச் சாட்டை எப்படி ஒடிந்தது என்பதே இன்னும் முடிவாகாத விஷயம். பாரசீக வரலாற்றாசிரியர் ரஷீதுத்தீன் கொள்ளைநோய் என்கிறார். கவண்கல் பட்டதென்பது உள்ளூர் மரபு. நாவலாசிரியர் ஜின் யோங் ஒருபடி மேலே போய், சாவையே சியாங்யாங் நகரத்துக்கு மாற்றித் தன் கதாநாயகன் கையால் கல்லெறிய வைத்துவிட்டார். நீயோ கல்தான் என்று அடித்துச் சொல்கிறாய். போகட்டும், கல் என்றே வைத்துக்கொள்வோம். கான் செத்த பிறகும் கோட்டை 20 ஆண்டுகள் நின்றதே, அதற்கு அந்தக் கல் என்ன விளக்கம் தரும்?

விளக்கம் மலையுச்சியில் இருக்கிறது. நீ படம்கூட எடுக்காமல் கடந்துபோன குளங்களிலும் வயல்களிலும். 1243இல் சிச்சுவானைக் காக்க வந்த தென்சோங் அதிகாரி யூ ஜே, ரான் சின், ரான் பூ என்ற சகோதரர்களின் யோசனையைக் கேட்டு இந்த மலையில் மதில் எழுப்பினார்; ஹெசோ மாவட்டத்தின் தலைநகரையே மேலே ஏற்றினார். அலுவலகம், மக்கள், படை, களஞ்சியம் எல்லாம் மலைக்குப் போயின. உச்சி தட்டையானது, பயிர் செய்ய மண் உண்டு, வெட்டிய குளங்களும் கிணறுகளும் உண்டு. மேற்கு, வடக்கு, தெற்கு மூன்று பக்கமும் ஆறு, கிழக்கில் மட்டும் தரைவழி. இதைப் படித்ததும், ஆறுதான் காத்தது, படகில் உணவு வந்திருக்கும் என்று நீ வாதாடலாம். பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் 1259 கோடையில் உதவிக்கு வந்த லியூ வென்தேயின் படகுப்படையைச் சியாலிங் ஆற்றில் மங்கோலியர் தரப்புத் தளபதி ஷி தியென்சே தோற்கடித்துத் திருப்பி அனுப்பினார். ஆற்றுவழி அடைபட்டது, கோட்டை விழவில்லை. முற்றுகையிட்டவர்களுக்கு மேலிருந்து பெரிய மீன்களையும் நூற்றுக்கும் மேற்பட்ட மாவுப் பணியாரங்களையும் வீசி, இன்னும் பத்து ஆண்டு அடித்தாலும் உங்களால் முடியாது என்று சொல்லியனுப்பியதாக ஒரு கதை உண்டு. நடந்ததோ இல்லையோ, அந்தக் கதையைச் சொன்னவர்களுக்குக் கோட்டையின் பலம் எதுவென்று தெரிந்திருக்கிறது: வீசியெறியும் அளவுக்குக் குளத்து மீனும் களஞ்சியத்து மாவும். இதே நியாயத்தை முடிவிலும் பொருத்திப் பார். 1278இல் சோங்சிங் வீழ்ந்து கோட்டை தனித்துப்போனது. மேலே தொடர்ந்து மழை பொய்த்து விளைச்சல் இல்லாமல் போனதென்று பழைய குறிப்புகள் சொல்கின்றன. 1279இல் தளபதி வாங் லி, மக்களைக் கொல்லக் கூடாது என்ற உறுதிமொழியின் பேரில் வாயிலைத் திறந்துவிட்டார். படையெடுப்பால் முடியாததை வறட்சி முடித்தது.

இவ்வளவையும் ஒரு நாள் பயணி எப்படிப் பார்ப்பான், அவனுக்கு வேண்டியது கானின் கதைதானே என்பாய். அப்படியென்றால் அவனுக்கு வழியை மாற்றிக் கொடு. ஹெச்சுவான் வரை ரயிலில் ஏறக்குறைய அரைமணி நேரம்தான். முதல் ரயிலில் ஏறச் சொல். வண்டியில் நேராக உச்சிக்கு ஏற்றிவிடாதே. கீழே கப்பற்படைத் துறையின் இடிபாட்டில் தொடங்கி, முற்றுகையிட்டவன் நிமிர்ந்து பார்த்த கோணத்தில் மலையைப் பார்த்தபடி ஏறட்டும். காலை முழுக்க தெற்குப் பக்கம், உச்சிவேளையில் குளக்கரை மரநிழல், பிற்பகலில் கிழக்கு மதில். நீ கிழக்கை விட்டுவிட்டதுதான் எனக்குப் பெரிய வருத்தம். மோங்கே பாளையம் போட்டது அந்தப் பக்கத்து ஷிட்சு மலையில். கடும் தாக்குதல் நடந்ததும் அங்கே. சரணடையச் சொல்லிக் கூவிய மங்கோலியர் தரப்புத் தளபதி வாங் தேச்சன் கல்லடிக்குத் தப்பி, பிறகு நோயில் விழுந்து செத்ததும் இந்த முற்றுகையில்தான். மதிலிலும் வாயில்களிலும் பிற்காலத் திருத்தங்கள் கலந்திருப்பதையும் ஒரு வரி எழுது. பயணி ஏமாறக் கூடாது. இடையில் ஃபான்சியாயானில் தோண்டியெடுத்த தென்சோங் காலத்து அலுவலக வளாகத்தை மறக்காதே. ஒரு மலையுச்சியில் ஓர் அரசாங்கமே உட்கார்ந்து கோப்பு எழுதியது என்பதற்கு அதைவிடச் சாட்சி இல்லை. பருவம் பற்றி நீ சொன்னது சரி, ஆகஸ்டில் போகக் கூடாது. சோங்சிங் வெயில் 40 பாகையைத் தொடும். ஆனால் ஆகஸ்டைப் பற்றி எழுதாமல் விடாதே. புல்வெளிக் குளிரில் வளர்ந்த படை, அந்தப் புழுக்கத்தில், ஆற்றோரத்தில், நோயோடு படுத்திருந்த மாதம் அது.

ஏ.கே. செட்டியார் போன்றவர்கள் கப்பலேறிப் போய் எழுதிய நாளில் ஒரு நாளில் இரண்டு ஊர் பார்ப்பதென்பது பேச்சுக்கும் வராது. எழுத்து சுருக்கமாக இருந்தது, கால் மெதுவாக நடந்தது. இப்போது தலைகீழ்; கால் பறக்கிறது, எழுத்து நீள்கிறது. உன் கட்டுரையிலும் முதல் இரண்டு பக்கம் வெட்டிப் போடலாம்.

ஆனால் ஹுகுவோ வாயிலைப் பற்றி நீ எழுதிய அந்த ஒரு பத்தி, சொல்லிவிடுகிறேன், இந்த இதழில் வந்த பயண எழுத்தில் முதல் தரமானது. ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் ஆற்றுப் பள்ளம், பழைய நாளில் மரப்பலகைப் பாதை வழியாக மட்டுமே நுழைய முடிந்த அந்த இடுக்கை, ஓர் உவமையும் இல்லாமல், நடப்பவனின் தோளும் காலும் உணரும்படி எழுதியிருக்கிறாய். சுமார் 11 மீட்டர் நீளத்தில் பாறையில் படுத்திருக்கும் புத்தரை ஒரே வாக்கியத்தில் முடித்ததும் நல்ல முடிவு. இந்தக் கையால்தான் குளத்தையும் எழுத வேண்டும். கோட்டைக்குள் இருக்கும் வீரர் நினைவுக் கோயிலையும் எழுது. அங்கே சரணடைந்த வாங் லியின் பெயர்ப்பலகையை ஒரு காலத்தில் வைத்தார்கள், பிறகு துரோகி என்று எடுத்தார்கள். மக்களைக் காப்பாற்றியவனா, கோட்டையைக் கொடுத்தவனா என்ற அந்த வழக்கு கானின் சாவைவிட உன் வாசகனுக்குச் சுவைக்கும். தாசுவைத் தனிக் கட்டுரையாக்கு, தலைப்பை மாற்று, கிழக்கு மதிலைச் சேர்த்துத் திருத்திய பிரதியை இதழுக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்